ஜப்பான், அமெரிக்க கேம் கன்சோல்களை நம்ம ஊர் டிவியில் ஓட்டுவது: கரண்ட், ஓட்டம், கலர், சவுண்ட்

மாட்டுத்தாவணி_மணி
ஜப்பான் பெட்டி மூணு இருக்கு. நிண்டெண்டோவோட சிவப்பு-வெள்ளை ஃபேமிகாம் (டிவி ஆன்டெனா ஓட்டையில மாட்டுற ஆர்.எஃப். வயர் மட்டும்தான்), சூப்பர் ஃபேமிகாம், முதல் பிளேஸ்டேஷன் எஸ்.சி.பி.எச்-7000. டிவி ரெண்டு: மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏ.வி. ஓட்டை உள்ள 21 இன்ச் டியூப் டிவி, 32 இன்ச் எல்.இ.டி. இன்னும் எதையும் கரண்ட்ல சொருகலை. தட்டைப் பின்னை நம்ம சாக்கெட்டுக்கு மாத்துற குட்டி அடாப்டர் இருக்கு. அது போதுமா? டியூப் டிவி ஜப்பான், அமெரிக்கக் கலர் முறையான என்.டி.எஸ்.சி.யை எடுக்குமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வைகைக்கரை
சொருகாமல் கேட்டது நல்லது. அந்தக் குட்டி அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். 230 வோல்ட் அப்படியே உள்ளே போகும். உங்கள் பிளேஸ்டேஷனின் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் 100 வோல்ட்டுக்கு மட்டும். 100 வோல்ட் உள்ளே போனால் முதல் கெப்பாசிட்டரில் சுமார் 141 வோல்ட் டி.சி. நிற்கும். 230 போனால் 325. அந்த இடத்தில் வழக்கமாக 200 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்தான் இருக்கும். சுவிட்ச் போட்டவுடன் ஃப்யூஸ் போகும், பல நேரம் கெப்பாசிட்டரும் சேர்ந்து வெடிக்கும்.

இந்த வேலையில் நான்கு தனித்தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தப்பான சாமானை வாங்குகிறார்கள்.

கரண்ட்: ஜப்பான் 100, அமெரிக்கா 120, நமக்கு 230 வோல்ட்.
ஓட்டம்: அங்கே நொடிக்கு 60 முறை படம் வரையப்படும், இங்கே 50.
கலர்: என்.டி.எஸ்.சி. கலர் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ், நம் பால் முறைக்கு 4.43.
சவுண்ட்: ஆர்.எஃப். வழியில் மட்டும் வரும் சிக்கல். அங்கே படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 5.5.

ஏ.வி. வயரில் போனால் நான்காவது தானாக விழுந்துவிடும். படம் உருளுகிறதா, கருப்பு வெள்ளையாக வருகிறதா, சத்தத்தில் இரைச்சலா என்று பார்த்தாலே எதைச் சரி செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் கரண்ட் முதலில்.

செல்லூர்_சால்டர்
ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் டிரான்ஸ்ஃபார்மரே வேணாம் மணி. ரெண்டுக்கும் ஒரிஜினல் அடாப்டர் ஒண்ணுதான், எச்.வி.சி-002. 10 வோல்ட் டி.சி., 850 மில்லி ஆம்ப், நடுப்பின் நெகட்டிவ். அதை ஓரமா வச்சுட்டு இங்கிட்டு 9 வோல்ட் 1 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ். (சீரா வோல்ட் தர்ற லேசான வகை) அடாப்டர் வாங்குங்க. முனை 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர்.

முக்கியம் நடு நெகட்டிவ். கடையில சும்மா கேட்டா நடு பாசிட்டிவ்தான் தருவாங்க. கிடார் பெடலுக்கு விக்கிற 9 வோல்ட் அடாப்டர் நடு நெகட்டிவா வரும், அதே முனை. ஆனா அதுல பாதி 300, 500 மில்லி ஆம்ப்தான், ஸ்டிக்கர் பார்த்து எடுங்க. இல்லைன்னா டவுன் ஹால் ரோட்டுல சாதா அடாப்டரை வாங்கி, வயரை நடுவுல வெட்டி ரெண்டையும் மாத்தி சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போட்டுடலாம். மாட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் கறுப்பு முனையை உள் ஓட்டையிலயும் சிவப்பை வெளித் தகட்டுலயும் வைங்க. மைனஸ் குறி இல்லாம 9 காட்டணும்.

ஆனையூர்_அசோக்
வீட்டில் செட்டாப் பாக்ஸ் 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் அதையே திருப்பி மாட்டலாமே? உள்ளே 7805 ஐ.சி. இருக்கிறது, அதுதான் 5 வோல்ட்டாக்கிவிடுமே.

வைகைக்கரை
ஆக்கும், ஆனால் மிச்ச வோல்ட் எல்லாம் சூடாகப் போகும். பெட்டி 0.6 ஆம்ப் இழுக்கிறது என்று வையுங்கள். 9 வோல்ட்டில் 7805-இல் எரிவது 4 பெருக்கல் 0.6, அதாவது 2.4 வாட். 12 வோல்ட்டில் 7 பெருக்கல் 0.6, 4.2 வாட். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊரில் அந்தச் சின்ன ஹீட் சிங்க் தாங்காது. 7805 சூட்டில் தன்னை அணைத்துக்கொள்ளும், அரை மணி நேரத்தில் கேம் உறையும். மறுபக்கம், 7805-க்குக் குறைந்தது 7 வோல்ட் வேண்டும். அதனால் 9 வோல்ட்தான் சரியான இடம்.

பழைய எலிமினேட்டர், அந்த 3 முதல் 12 வரை திருகும் கனமான பெட்டி, அது வேண்டாம். அதில் சீராக்கம் இல்லை. 9 என்று திருகினாலும் சுமை இல்லாதபோது 13, 14 காட்டும், சுமை வந்ததும் தொய்ந்துவிடும். படத்தில் அகலமான மங்கல் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால் அது டிவியின் குற்றம் அல்ல, அடாப்டரின் குற்றம்.

செல்லூர்_சால்டர்
மத்தவங்களுக்காக இதையும் போட்டுடுறேன். ஃபேமிகாமோட அமெரிக்க வடிவமான நெஸ் பெட்டிக்கு வர்ற அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. உள்ளயே ஏ.சி.யை டி.சி. ஆக்குற பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருக்கு, அதனால அதுக்கு டி.சி. எப்படிப் போட்டாலும் ஓடும். ஆனா அந்த ஏ.சி. அடாப்டரை ஃபேமிகாம்ல மாட்டினா பெட்டி செத்துடும், ஏன்னா ஃபேமிகாம்ல பிரிட்ஜ் இல்லை. முனை உள்ள போகுதேன்னு மாட்டக் கூடாது.

செகாவோட மெகா டிரைவ் முதல் மாடல் 9 வோல்ட் நடு நெகட்டிவ். ரெண்டாவது மாடல் 10 வோல்ட் நடு பாசிட்டிவ், முனையும் சின்னது. நிண்டெண்டோ 64 ரொம்ப சுலபம்: பின்னாடி சொருகுற பவர் கட்டி எந்த நாட்டுதா இருந்தாலும் வெளியே தர்றது ஒரே 3.3 வோல்ட்டும் 12 வோல்ட்டும்தான். ஐரோப்பாவோட 230 வோல்ட் கட்டி கிடைச்சா ஜப்பான் பெட்டியில அப்படியே உட்காரும். கேம்க்யூபும் அப்படித்தான், 12 வோல்ட் வெளி அடாப்டர்.

மாட்டுத்தாவணி_மணி
அப்போ பிளேஸ்டேஷனுக்கு மட்டும்தான் டிரான்ஸ்ஃபார்மர். எத்தனை வாட்?

உசிலை_வைண்டிங்
100 வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மருக்கு வாட் மாதிரி கணக்கு) தாராளம். பிளேஸ்டேஷன் இழுக்கிறது 20 வாட்டுக்குள்ளதான். கடையில ரெடிமேடா கிடைக்கிறது 230-க்கு 110. இங்க ஒரு கணக்கு பாருங்க. ராத்திரி லைன் வோல்டேஜ் 245 வரைக்கும் ஏறும். 110 டிரான்ஸ்ஃபார்மர் அப்போ 117 தரும். அமெரிக்கப் பெட்டிக்கு அது ஒண்ணுமே இல்லை. ஜப்பான் பெட்டிக்கு 17 சதவீதம் அதிகம். அதனால ஜப்பான் சாமானுக்கு 100 வோல்ட்டுன்னே சொல்லி வைண்டிங் கடையில கட்டச் சொல்லுங்க. 230 பிரைமரி, 100 செகண்டரி, 1 ஆம்ப், ரெண்டு சுத்தும் தனித்தனியா இருக்கணும், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேணாம். பிரைமரியில 0.5 ஆம்ப் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் ஒண்ணு போட்டு, இரும்புப் பெட்டியா இருந்தா எர்த் குடுத்துடுங்க.

கையில தூக்கினா கனமே இல்லாத "1000 வாட் டிராவல் கன்வெர்ட்டர்" பக்கமே போகாதீங்க. அது இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மாதிரி சூடாகுற சாமானுக்கு. உள்ள அலையை வெட்டித்தான் சராசரியைக் குறைக்குது, உச்சி வோல்ட் அப்படியே இருக்கும். எலக்ட்ரானிக் சாமான் போயிடும்.

இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க சைன் வேவ் இருந்தா மட்டும் ஓட்டுங்க. சதுர அலை இன்வெர்ட்டர்ல டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும்.

செல்லூர்_சால்டர்
இன்னொரு வழி: செத்துப்போன ஐரோப்பிய 230 வோல்ட் (பால் முறை) பிளேஸ்டேஷன் கிடைச்சா அதோட பவர் போர்டை இதுல மாத்தலாம். உள்ள தர்றது 3.5 வோல்ட்டும் 7.5 வோல்ட்டும். ஆனா மாடலைப் பொறுத்து கனெக்டர் பின் எண்ணிக்கை மாறும், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கணும். போர்டைத் தொடுறதுக்கு முன்னாடி வயரைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர் ரெண்டு கால்லயும் 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரைப் பத்து பதினைஞ்சு செகண்ட் பிடிச்சு, மீட்டர்ல பூஜ்யத்துக்குக் கிட்ட வந்துச்சான்னு பாருங்க. ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்றது வேணாம்.

மாட்டுத்தாவணி_மணி
சூப்பர் ஃபேமிகாம் 9 வோல்ட்ல எரியுது. டியூப் டிவியில ஏ.வி. போட்டா படம் நிக்குது, உருளலை. ஆனா கருப்பு வெள்ளை. மேலயும் கீழயும் கறுப்பு விளிம்பு இருக்கு. சத்தம் சுத்தம்.

தல்லாகுளம்_டியூப்
தம்பி, பாதி வேலை முடிந்துவிட்டது. படம் நிற்கிறது என்றால் 60 ஹெர்ட்ஸை டிவி பிடித்துக்கொண்டது. வரி வேகத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், நமக்கு 15,625, அவர்களுக்கு 15,734. எந்த டியூப் டிவியும் அதை இழுத்துக்கொள்ளும். செங்குத்து ஓட்டம்தான் 50-க்கும் 60-க்கும் பெரிய தாவல். பழைய செட்டில் பின்னால் வி-ஹோல்ட் திருகு இருக்கும், அதைத் திருப்பி நிறுத்த வேண்டும். புதியவை தானாகப் பிடிக்கும். அந்தக் கறுப்பு விளிம்பும் அதனால்தான்: 50-இல் ஒரு முறை முழுக்க இறங்கும் ஒளிக்கற்றை 60-இல் ஆறில் ஐந்து பங்கு தூரம் தாண்டியதுமே மேலே திரும்பிவிடுகிறது. சர்வீஸ் மெனுவில் வி-சைஸை ஏற்றினால் நிரம்பும். பழைய எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ஏற்றுங்கள், நம் சேனல் பார்க்கும்போது திரும்பக் குறைக்க வேண்டும்.

கலர் வராததற்கு முதலில் மெனுவைப் பாருங்கள். கலர் சிஸ்டம் "பால்" என்று பூட்டியிருந்தால் "ஆட்டோ" அல்லது "என்.டி.எஸ்.சி. 3.58" ஆக்குங்கள். 4.43 என்று ஒன்று இருக்கும், அது பழைய வி.சி.ஆர்.களுக்கானது, கன்சோலுக்கு அல்ல. ஒரு நல்ல அடையாளம்: மெனுவில் "டின்ட்" என்ற வரி என்.டி.எஸ்.சி. வரும்போது மட்டும் உயிர்பெறும். அது உயிர்பெற்றால் செட் அடையாளம் கண்டுவிட்டது.

மெனுவிலேயே அந்த வழி இல்லை என்றால் போர்டைப் பார்க்க வேண்டும். டி.டி.ஏ. 8362 போன்ற ஐ.சி. போட்ட செட்களில் இரண்டு கிரிஸ்டலுக்கு இடம் உண்டு. நம் ஊருக்கு விற்ற செட்டில் 4.43 மட்டும் போட்டுவிட்டு 3.58 இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் காலி இடத்தில் 3.579545 கிரிஸ்டலும், பக்கத்தில் காலியாக விட்ட சின்ன கெப்பாசிட்டரும் போட்டால் கலர் வந்துவிடும். 4.43-க்குப் பதில் 8.86 கிரிஸ்டல் மட்டும் போட்ட, டி.டி.ஏ. 3561 போன்ற பால் ஐ.சி. உள்ள செட் என்றால் விட்டுவிடுங்கள். அந்த ஐ.சி.க்கு என்.டி.எஸ்.சி. தெரியாது. என்.டி.எஸ்.சி. கலரை பால் முறைக்கு மாற்றும் டிரான்ஸ்கோடர் பெட்டி ஒன்றை வெளியே வைப்பதுதான் வழி.

டியூப் டிவியைத் திறப்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆனோடு தொப்பியில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், அணைத்த பிறகும் தங்கும். ஏ.வி. ஓட்டையே இல்லாத மிகப் பழைய செட்டில் உள்ளே வயர் இழுத்து ஏ.வி. போடவே கூடாது. அவற்றில் பலவற்றின் சேஸிஸ் கரண்டோடு நேரடியாக ஒட்டியிருக்கும். கன்சோலின் உலோகத்தைத் தொட்டவர் கை போகும்.

மாட்டுத்தாவணி_மணி
மெனுவுல "பால்"னு பூட்டியிருந்துச்சு அண்ணே. ஆட்டோ வச்சதும் கலர் வந்துருச்சு. டின்ட் வரியும் தெரியுது. அடுத்து ஃபேமிகாம். அதோட ஆர்.எஃப். வயரை டியூப் டிவி ஆன்டெனால மாட்டி ஆட்டோ சர்ச் போட்டா எதுவுமே சிக்கலை.

வைகைக்கரை
சிக்காது. ஃபேமிகாம் விடுவது ஜப்பானின் சேனல் 1 அல்லது 2. சேனல் 1-இன் படம் 91.25 மெகாஹெர்ட்ஸில், சேனல் 2-இன் படம் 97.25-இல். நம் நாட்டில் அது டிவி அலைவரிசையே அல்ல, எஃப்.எம். ரேடியோவின் இடம். ஆட்டோ சர்ச் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம். மேனுவல் சர்ச்சில் கீழ் வி.எச்.எஃப். பட்டையின் மேல் முனையில் மெதுவாக ஃபைன் டியூன் செய்யுங்கள்.

மதுரையில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. சேனல் 2 என்பது 96 முதல் 102 வரை. அதன் கலர் அலை 97.25 கூட்டல் 3.58, அதாவது 100.83. கோடை பண்பலை 100.5-இல் இருக்கிறது. இடைவெளி 0.33 மட்டும். கொடைக்கானல் மலை மேலிருந்து வரும் அந்த அலை நம் பக்கம் எவ்வளவு பலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஷீல்டு சரியில்லாத வயரில் கலர் மேல் கோலம் போட்டதுபோல் நெளிவு வரும். ஃபேமிகாமின் பின்னால் இருக்கும் சுவிட்சை சேனல் 1-க்குத் தள்ளுங்கள். அங்கும் 93.5 எஃப்.எம். வரும், ஆனால் அது படத்திலிருந்து 2.25 தள்ளி, கலர் அலையான 94.83-லிருந்தும் தள்ளி இருப்பதால் மெல்லிய சாய்கோடுகளோடு போகும். கேபிள் முனையில் சரியான எஃப்-கனெக்டர் போட்டு, நல்ல ஆர்.ஜி-6 வயராக மாற்றினால் பெரும்பாலும் மறையும்.

படம் வந்தாலும் சத்தம் இரைச்சலாக இருக்கும். டிவி 5.5-இல் தேடுகிறது, ஒலி 4.5-இல் இருக்கிறது. மெனுவில் சவுண்ட் சிஸ்டம் "எம்" இருந்தால் அதை வையுங்கள். இல்லையா? சேனல் 1-இன் ஒலி 95.75 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம்.ஆகவே வருகிறது. பக்கத்தில் ஒரு எஃப்.எம். ரேடியோவை 95.7 அல்லது 95.8-இல் வைத்துப் பாருங்கள், கேமின் பாட்டு கொஞ்சம் மெல்லியதாகக் கேட்கும். ஆர்.எஃப். வேலை செய்கிறதா என்று டிவியே இல்லாமல் சோதிக்கவும் இது உதவும்.

ஆனையூர்_அசோக்
அமெரிக்கப் பெட்டி என்றால்?

வைகைக்கரை
அமெரிக்க சேனல் 3-இன் படம் 61.25. நம் சேனல் 4 இருப்பது 62.25-இல். ஒரு மெகாஹெர்ட்ஸ் கீழே டியூன் செய்தால் போதும். ஒலிச் சிக்கல் அதேதான், ஆனால் 65.75 என்பதால் ரேடியோ வழி கிடையாது.

செல்லூர்_சால்டர்
ஆர்.எஃப்.ல மல்லுக்கட்டுறதுக்கு ஏ.வி. மாத்திடலாம். ஃபேமிகாம்ல இது சில சின்னப் பாகம், கொஞ்சம் வயர் வேலைதான்.

படம், அதை வரையுற பி.பி.யு. சிப்போட 21-ஆம் கால்ல வருது. 20 கிரவுண்டு, 40 தான் 5 வோல்ட்டு. ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர், பி.சி. 557 போதும். தட்டைப் பக்கம் நம்மளைப் பார்த்து, கால் கீழ இருந்தா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸ் 21-க்கு. கலெக்டர் கிரவுண்டுக்கு. எமிட்டர்ல இருந்து 300 ஓம் வழியா 5 வோல்ட்டுக்கு. அதே எமிட்டர்ல இருந்து 220 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் (பிளஸ் எமிட்டர் பக்கம்), அப்புறம் 75 ஓம், அப்புறம் மஞ்சள் ஆர்.சி.ஏ. 2என் 2907 போடுறவங்க கால் வரிசை வேறன்னு ஞாபகம் வைங்க.

சத்தத்தை சவுண்டு சிப்புல இருந்து நேரா எடுக்காதீங்க. ஃபேமிகாம்ல சத்தம் கேசட் வழியா சுத்திட்டுத்தான் வெளிய வரும். கேசட் சொருகுற இடத்தோட 45-ஆம் பின்ல கேசட்டுக்குள்ள போகுது, 46-ல திரும்புது. சில ஜப்பான் கேசட்டுல கூடுதல் சவுண்டு சிப் இருக்கு, அதோட இசை 46-ல மட்டும்தான் கலந்து வரும். 46-ல இருந்து 10 மைக்ரோஃபாரட் வழியா எடுத்து வெள்ளை, சிவப்பு ரெண்டுக்கும் குடுங்க, பெட்டி மோனோதான்.

மாட்டுத்தாவணி_மணி
வரிசையா செங்குத்துக் கோடு வரும்னு படிச்சேன். அதுக்கு?

செல்லூர்_சால்டர்
வரும். 21-ஆம் காலுக்குப் போற பழைய தடம் போர்டுல டேட்டா லைன்களுக்குப் பக்கத்துல ஓடுது, அந்த இரைச்சல் படத்துல ஏறுது. காலை மட்டும் டீசால்டர் பண்ணி போர்டுல இருந்து மேல தூக்கிடுங்க, பழைய ஆர்.எஃப். தொடர்பே இருக்கக் கூடாது. டிரான்சிஸ்டரை சிப்புக்கு ஒட்டினாப்புல வைங்க, ஆர்.சி.ஏ. வரைக்கும் ஷீல்டு வயர். 20-க்கும் 40-க்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒண்ணு. கோடு முழுசா போகாது, ஆனா நீல வானம் வர்ற இடத்துல மட்டும் லேசாத் தெரியுற அளவுக்கு இறங்கிடும். பழைய காலு, உடைஞ்சா பி.பி.யு. மாத்தணும், அதனால பம்ப்பால ஈயத்தைச் சுத்தமா உறிஞ்சிட்டுத் தூக்குங்க. கை பழகாதவங்க 1993-ல வந்த ஏ.வி. ஃபேமிகாமைத் தேடுறது மேல். சூப்பர் ஃபேமிகாம் வயரே அதுல மாட்டும்.

மாட்டுத்தாவணி_மணி
எல்.இ.டி.ல சூப்பர் ஃபேமிகாம்: மூணு ஆர்.சி.ஏ. ஓட்டை இல்லை, 3.5 மில்லிமீட்டர் ஏ.வி. ஓட்டை மட்டும். பழைய கேமரா வயரைப் போட்டா படம் இல்லை, ஸ்பீக்கர்ல உர்ருன்னு சத்தம்.

ஆனையூர்_அசோக்
அந்த உர் சத்தமே விடை. படம் ஒலியின் வழியில் போகிறது. நாலு வளைய முனையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. கேமரா வயரில் நுனி இடது ஒலி, அடுத்தது படம், அடுத்தது கிரவுண்டு, அடி வலது ஒலி. டிவி வயரில் பெரும்பாலும் நுனி இடது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்டு, அடி படம். கிரவுண்டு ஒரே இடம்தான் என்பதால் எதுவும் எரியாது. கன்சோலின் மஞ்சளைச் சிவப்பு ஓட்டையிலும் சிவப்பை மஞ்சளிலும் மாற்றிச் சொருகுங்கள். கிரவுண்டே மாறிய வயர்களும் உண்டு, அவற்றுக்குப் புது வயர்தான்.

படம் வந்த பிறகு "கேம் மோட்" போடுங்கள். இந்தப் பெட்டிகள் தருவது 240 வரி, ஒன்றுவிட்டு ஒன்று இல்லாத படம். எல்.இ.டி. டிவி அதை 480 இன்டர்லேஸ் என்று நினைத்துக் கலந்து வரையும். அடிபட்டு மின்னும் ஆள் பாதி மறைந்துபோவதும் பட்டன் தாமதமும் அதனால்தான். ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட். நாலு ஃபிரேம் தாமதமே தாவும் கேம்களில் கை உணரும். மலிவான ஏ.வி.-எச்.டி.எம்.ஐ. பெட்டியும் இதே தப்பைத்தான் செய்யும், தன் தாமதத்தையும் கூட்டும். செலவழிக்க மனம் இருந்தால் 240 வரியை 240 ஆகவே நடத்தும் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் போன்ற மாற்றிப் பெட்டி வாங்கலாம். ஓ.எஸ்.எஸ்.சி. என்ற இன்னொரு மாற்றிப் பெட்டியும் நல்ல சாமான், ஆனால் மஞ்சள் வயரை ஏற்காது. கலரைத் தனித்தனி வயரில் பிரித்து அனுப்பும் ஆர்.ஜி.பி. அல்லது கம்போனன்ட் வேண்டும்.

வைகைக்கரை
ஆர்.ஜி.பி. எடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: கலரைப் பிரித்தே அனுப்புவதால் 3.58, 4.43 பேச்சே இல்லை. ஆனால் ஜப்பானின் 21 பின் முனையும் ஐரோப்பாவின் ஸ்கார்ட் முனையும் பார்க்க ஒன்றே, உள் வயரிங் வேறு. மாற்றிச் சொருகினால் சாமான் சேதமாகலாம். ஜப்பான், அமெரிக்க சூப்பர் ஃபேமிகாம் வயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும். ஐரோப்பியப் பெட்டி வயரில் கெப்பாசிட்டருக்குப் பதில் கிரவுண்டுக்கு 75 ஓம். ஒன்றை இன்னொன்றுக்குப் போட்டால் படம் வெளுத்தோ இருண்டோ போகும்.

ஆனையூர்_அசோக்
பிளேஸ்டேஷன் 2-இல் கம்போனன்ட் வயர் போடுபவர்கள் முதலில் மஞ்சள் வயரில் போய் மெனுவில் ஆர்.ஜி.பி.யிலிருந்து ஒய்-சி.பி.-சி.ஆர்.க்கு மாற்றிவிட்டுப் பிறகு வயரை மாற்றுங்கள். இல்லையென்றால் பச்சைத் திரைதான். அதில் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க் போட்டால் பல எல்.இ.டி.கள் "சிக்னல் இல்லை" என்னும். 240 வரியை கம்போனன்டில் அவை ஏற்பதில்லை, மஞ்சள் வயருக்குத் திரும்ப வேண்டும்.

மாட்டுத்தாவணி_மணி
மஞ்சளும் சிவப்பும் மாத்தினதும் எல்.இ.டி.ல படமும் சத்தமும் வந்துருச்சு. பிளேஸ்டேஷனுக்கு 230-100, 1 ஆம்ப் கட்டச் சொல்லியாச்சு. ஃபேமிகாம் சேனல் 1, 95.8-ல ரேடியோவுல இசை கேக்குது, அப்போ பெட்டி உயிரோடதான் இருக்கு. பி.சி. 557, 300 ஓம், 75 ஓம், 220, 10 மைக்ரோஃபாரட் வாங்கிட்டேன். 300 ஓம் கடையில இல்லை, 330 தான் குடுத்தாங்க. பரவாயில்லையா?

செல்லூர்_சால்டர்
330 போடுங்க, ஓடும். வெளிச்சமான இடம் மங்கலாத் தெரிஞ்சா அதுக்கு மேலயே 3.3 கிலோ ஓம் ஒண்ணு இணையா வைங்க, 300 ஆயிடும்.